மூச்சை விடும்போது ஒரு படம்

எக்ஸ்ரே அறைக்குள் போய் வந்த எவருக்கும் அந்தக் குரல் பழக்கம். நெஞ்சைத் தகட்டோடு ஒட்டி நிற்க வைத்துவிட்டு, தடுப்புக்குப் பின்னாலிருந்து டெக்னீஷியன் சொல்வார்: “மூச்சை நல்லா இழுங்க… அப்படியே பிடிங்க… ம், விட்ரலாம்.” இழுத்துப் பிடித்த அந்த ஒரு நொடியிலேயே படம் எடுத்து முடிந்திருக்கும். மூச்சை வெளியே விடும்போது எந்திரத்துக்கு வேலை இல்லை.

இந்தச் சின்ன விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து மேற்கே கிளம்பலாம். தென்னையும் மாவும் அடர்ந்த தோப்புகள், ஆறாவது மைல் நீர்த்தேக்கம் எல்லாம் கடந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர் போனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். ஆற்றங்கரையில் நீர் காத்த அய்யனார் கோவில். விடுமுறை நாளில் வேனிலும் பைக்கிலும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். பேரப்பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்ததும் முன்னால் ஓட, அறுபதைத் தாண்டிய ஒருவர் மட்டும் வழியில் நின்றுவிடுவார். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்திருப்பார். இப்படி ஒருவரை அங்கே அடிக்கடி பார்க்கலாம்.

அவர் செய்யும் ஒரு காரியத்தைக் கிட்டத்தில் நின்று கவனிக்க வேண்டும். மூக்கால் மூச்சை இழுக்கிறார். விடும்போது உதட்டைக் குவித்து, சூடான டீயை ஊதி ஆற்றுவதுபோல் மெல்ல, நீளமாக விடுகிறார். யாரும் சொல்லித் தந்ததல்ல. உடம்பு தானாகக் கண்டுபிடித்துக்கொண்ட வழி. நாலைந்து முறை அப்படி விட்டதும் நிமிர்ந்து, இன்னும் இருபது அடி நடக்கிறார்.

பீடி, சிகரெட் தொட்டவரில்லை. முப்பது வருடம் நூற்பாலையில் பஞ்சுக்கு நடுவே நின்றவர். “மூச்சு வாங்குது” என்று டாக்டரிடம் போய் எக்ஸ்ரேயும் எடுத்தாகிவிட்டது. நெஞ்சு கிளியர், வயசாகுதில்ல, அவ்வளவுதான் என்று வீட்டில் பேச்சு முடிந்துவிட்டது. படம் தப்பா? இல்லை அவர்தான் மிகைப்படுத்துகிறாரா? இரண்டும் இல்லை. அவருக்குக் கஷ்டம் மூச்சை விடுவதில். படம் எடுத்ததோ இழுத்துப் பிடித்தபோது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரிய, நுரையீரல் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். அதைத் தமிழ்ச்சொல்லே சொல்லிவிடுகிறது: நுரை போன்ற ஈரல். ஆட்டின் நுரையீரலைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும், கல்லீரல் மூழ்கிவிடும். மனித நுரையீரலில் ஏறக்குறைய 48 கோடி காற்று நுண்ணறைகள் இருப்பதாக நுண்ணோக்கி வழியே எண்ணிக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் விட்டமும் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. அத்தனை குமிழிகளின் சுவர்களையும் பிரித்து விரித்தால் 70 சதுர மீட்டர் அளவுக்கு வரும். ஒரு பேட்மிண்டன் களத்தின் பெரும்பகுதியை மூடிவிடலாம். அந்தச் சுவர்களில்தான் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் இறங்குகிறது.

டீக்கடையில் மாஸ்டர் உயரத் தூக்கி ஆற்றிக் கொடுத்த டீயின் மேல் நுரையைப் பாருங்கள். முதலில் கடுகு கடுகாகக் குமிழிகள். அப்படியே மேசையில் வைத்துவிட்டுச் செய்தித்தாளைப் புரட்டிவிட்டுத் திரும்பினால் பக்கத்துப் பக்கத்துக் குமிழிகள் உடைந்து ஒன்றாகி, பெரிய பெரிய கண்களாக நிற்கும். நுரை நிற்கும் இடம் அதேதான். ஆனால் சுவர்கள் குறைந்துவிட்டன. நுரையீரலில் இப்படி நடந்தால் அதற்கு எம்பைசீமா என்று பெயர். தமிழில் ‘நுரைச் சிதைவு’ எனலாம். காற்று போய் நிற்க இடம் உண்டு, ரத்தத்தைத் தொடத்தான் பரப்பு இல்லை.

இது நோயின் ஒரு பாதி. மறு பாதி, அந்த நுரைக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழல்களில் இருக்கிறது. அதை விளக்க அய்யனார் கோவில் ஆற்றைவிடப் பொருத்தமான உவமை வேண்டியதில்லை. மலை மேலே நூற்றுக்கணக்கான சிற்றோடைகள், பெயர்கூட இல்லாதவை. இரண்டிரண்டாகச் சேர்ந்து கொஞ்சம் பெரிய ஓடையாகி, அவை சேர்ந்து ஆறாகி அடிவாரத்துக்கு வருகின்றன. மூச்சை விடுவதும் இப்படித்தான். தலைகீழாகப் பார்த்தால், தொண்டைக்குக் கீழே ஒற்றைக் குழலாகத் தொடங்கும் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகி, ஏறக்குறைய 23 தலைமுறை பிரிந்து நுண்ணறைகளில் முடிகிறது. இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைவான விட்டமுள்ள கிளைகளை ‘நுண்கிளைக் குழல்கள்’ என்று சொல்லலாம்.

மலையில் நூறு ஓடைகளில் பத்துப் பதினைந்து அடைத்துக்கொண்டால் ஆறாவது மைலில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. மீதி ஓடைகள் ஈடுகட்டிவிடும். நுரையீரலிலும் அதே கதைதான். ஒரு நுண்கிளை தனியாகப் பார்த்தால் மிகக் குறுகல். ஆனால் பல்லாயிரம் கிளைகள் பக்கம் பக்கமாக இருப்பதால் மொத்தத்தில் காற்றுக்கு அவை தரும் தடை கொஞ்சம்தான். அதனால் அங்கே கணிசமான பகுதி கெட்டுப்போகும்வரை ஆளுக்கும் தெரியாது, சாதாரணச் சோதனைகளுக்கும் தெரியாது. நுரையீரல் ஆய்வாளர்கள் இதை 1970 வாக்கிலேயே ‘அமைதிப் பகுதி’ என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். மூச்சு வாங்கத் தொடங்கும் நாள் நோய் தொடங்கிய நாள் அல்ல.

இந்த இரண்டு பாதிகளும் சேர்ந்த நோயைத்தான் டாக்டர்கள் சி.ஓ.பி.டி. என்கிறார்கள், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். 2016-ல் இந்தியாவில் ஏறக்குறைய 5 கோடியே 53 லட்சம் பேருக்கு இது இருந்ததாக மாநிலவாரி நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டது. 1990-ல் அது 2 கோடியே 81 லட்சம். சிகரெட் நோய் என்றே பலரும் இதை நினைக்கிறார்கள். அதே ஆய்வின் கணக்குப்படி, இந்தியாவில் இந்த நோய் தரும் சுமையில் பாதிக்கு மேல், 53.7 சதவீதம், காற்று மாசால் வருவது. இதில் வீட்டு அடுப்புப் புகையும் அடக்கம். புகையிலையின் பங்கு 25.4 சதவீதம். பாக்கியில் தொழிற்கூடத் தூசியும் உண்டு. மில்லுக்குப் போன கணவரும் விறகடுப்பில் ஊதாங்குழலோடு உட்கார்ந்த மனைவியும் ஒரே நோய்க்கு இரண்டு வழியாக வந்து சேர்கிறார்கள்.

உதட்டைக் குவித்து விடும் மூச்சுக்கு இப்போது விளக்கம் சொல்லிவிடலாம். நுண்கிளைக் குழல்களுக்குக் குருத்தெலும்பு இல்லை; தாமாக நிமிர்ந்து நிற்கும் தெம்பு கிடையாது. சுற்றியுள்ள நுரைச் சுவர்கள்தான் பந்தல் கயிறுபோல நாலா பக்கமும் இழுத்துப் பிடித்து அவற்றைத் திறந்து வைக்கின்றன. மூச்சை இழுத்து நெஞ்சு விரியும்போது கயிறு விறைப்பாகிறது, குழலும் திறக்கிறது. விடும்போது கயிறு தளர்கிறது. ஏற்கெனவே வீங்கித் தடித்த குழலாக இருந்தாலோ, கயிறே அறுந்துபோயிருந்தாலோ காற்று முழுக்க வெளியேறுவதற்கு முன் குழல் மூடிக்கொள்ளும். உள்ளே போனது உள்ளேயே நிற்கும். அடுத்த மூச்சுக்கு இடம் எங்கே? தோட்டத்து ரப்பர் ஹோஸின் முனையை விரலால் பாதி அடைத்தால் குழாய் முழுவதும் விம்மி நிற்குமே, உதட்டைக் குவிப்பதும் அதே உத்திதான். வாசலில் கொஞ்சம் தடை வைத்து, உள்ளேயிருக்கும் குழல்களை விம்ம வைத்து, காற்று வெளியேற நேரம் வாங்கித் தருகிறது.

இனி, படத்துக்கு வருவோம்.

1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க்கில் வில்ஹெல்ம் ரான்ட்கன் கண்டுபிடித்த எக்ஸ் கதிர், அடர்த்தியான பொருளில் அதிகம் தங்கும்; காற்றில் தடையின்றிப் போகும். எலும்பு வெள்ளையாகவும் நுரையீரல் கறுப்பாகவும் தெரிவது அதனால்தான். காற்று இருக்க வேண்டிய இடத்தில் சளியோ நீரோ கட்டியோ வந்து உட்கார்ந்தால் கறுப்பில் வெள்ளையாகத் தெரியும். காசநோய்க்கு எக்ஸ்ரே இன்றும் எவ்வளவு பயன்படுகிறது என்பதற்கு ஒரு கணக்கு போதும்: 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால் 42.6 சதவீத நோயாளிகள் கண்ணில் படாமலேயே போயிருப்பார்கள். வர வேண்டாதது வந்திருந்தால் எக்ஸ்ரே காட்டும்.

சி.ஓ.பி.டி.யில் சிக்கலே வேறு. அங்கே இருக்க வேண்டியது இல்லாமல் போகிறது. காற்றும் சுவருமாக இருந்த இடத்தில் வெறும் காற்று. கறுப்புக்குள் இன்னும் கொஞ்சம் கறுப்பு. முற்றிய நிலையில் நுரையீரல் உப்பி, உதரவிதானம் தட்டையாகி, இதயம் ஒடுங்கித் தெரியும். அதற்கு முன்னால் படம் பெரும்பாலும் ‘நார்மல்’தான்.

இன்னொரு தடையும் உண்டு. ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டியில் விசைத்தறிகளில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அந்தத் துணியை ஒற்றையாக வெளிச்சத்தில் பிடித்தால் ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு கண்ணும் தெரியும். எங்கே இழை அறுந்திருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். அதையே நாற்பது மடிப்பாக மடித்துப் பிடித்தால் சாம்பல் நிறத்தில் ஒரே திட்டு. பதினேழாவது மடிப்பில் உள்ள கிழிசலை யார் கண்டுபிடிப்பது? எக்ஸ்ரே என்பது நெஞ்சின் எல்லா மடிப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த நிழல்.

மில் தொழிலாளிகளுக்கு இது வெறும் தொழில்நுட்பக் குறையாக நிற்கவில்லை. கல் உடைப்பவர்களுக்கு வரும் சிலிக்கா நோயில் நுரையீரலில் சின்னச் சின்ன முடிச்சுகள் விழும். எக்ஸ்ரேயில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதை எப்படித் தரம் பிரிப்பது என்பதற்கு 1930-ல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய மாநாட்டிலிருந்தே சர்வதேச அளவுகோல் உண்டு. பஞ்சுத்தூசி நோய்க்கு, மருத்துவர்கள் சொல்லும் பிஸ்ஸினோசிஸுக்கு, அப்படித் தனி எக்ஸ்ரே அடையாளமே கிடையாது. பஞ்சோடு வரும் காய்ந்த செதிலும், அதில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களின் நச்சும் பஞ்சைப் பிரிக்கும் புளோ ரூமிலும் சீவும் கார்டிங்கிலும் தூசியாகப் பறந்து மூச்சுக்குழல்களை எரிச்சலூட்டும். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுக்கம். நாலு நாளில் சரியாகிவிட்டதுபோல் இருக்கும். 1950-களில் இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களில் ரிச்சர்ட் ஷில்லிங் இந்த நோயைத் தரம் பிரித்தபோது, அவருக்குக் கிடைத்த சிறந்த கருவி எக்ஸ்ரே அல்ல, ‘உங்களுக்கு எந்தக் கிழமை இறுக்கமா இருக்கு?’ என்ற கேள்விதான். நம் நாட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் பஞ்சுத்தூசி நோய்க்கு இடம் உண்டு. ஆனால் ‘எக்ஸ்ரே கிளியர்’ என்ற இரண்டு சொல்லைக் கேட்டதும் பலர் அந்தப் பட்டியலைப் பற்றி விசாரிக்கக்கூட முனைவதில்லை என்பதே வேதனை.

மடித்த துணியை மடிப்பு மடிப்பாகப் பிரித்துக் காட்டும் கருவியான சி.டி. ஸ்கேன் 1971-ல் வந்தது. அதைச் செய்தவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. அவர் வேலை பார்த்த நிறுவனம் இ.எம்.ஐ., நம் தாத்தாக்கள் கேட்ட நாய் படம் போட்ட எச்.எம்.வி. இசைத்தட்டுக் குடும்பத்தின் தலைமை நிறுவனம். அவருடைய ஆய்வகத்தின் முதல் கருவிக்கு ஒரே ஒரு பொருளை அளந்து முடிக்க 9 நாள் பிடித்தது. 1971 அக்டோபர் முதல் தேதி லண்டனில் ஒரு மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தார்கள். 1979-ல் நோபல் பரிசு, கணிதத்தை முன்பே வகுத்திருந்த ஆலன் கார்மாக்கோடு சேர்த்து.

சி.டி. ஸ்கேனின் தந்திரம் புரிய மறுபடியும் அய்யனார் கோவில் சாலைக்கே போகலாம். ஓடும் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து தென்னந்தோப்பைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கோணத்தில் மரங்கள் ஒன்றை ஒன்று மறைத்து அடர்த்தியான சுவராக நிற்கும். கொஞ்சம் நகர்ந்ததும் சட்டென்று வரிசைகள் விலகி, தோப்பின் மறுகோடி வரை வெளிச்சம் தெரியும். தோப்பைச் சுற்றி ஒரு முழு வட்டம் வந்து, எந்தக் கோணத்தில் எவ்வளவு வெளிச்சம் வந்தது என்று குறித்துக்கொண்டே போனால், உள்ளே கால் வைக்காமலே ஒவ்வொரு மரமும் எங்கே நிற்கிறது என்று வரைந்துவிடலாம். எக்ஸ் கதிர்க் குழாய் உடம்பைச் சுற்றிச் சுழல்கிறது. எதிரே உள்ள உணரிகள் ஒவ்வொரு கோணத்திலும் தப்பி வந்த கதிரை அளக்கின்றன. கணினி பின்னோக்கிக் கணக்குப் போட்டு நெஞ்சைத் துண்டம் துண்டமாக வரைகிறது.

படத்தைவிட முக்கியமானது அதற்குள் இருக்கும் எண். ஒவ்வொரு சிறு கனப்புள்ளிக்கும் அடர்த்தியைச் சொல்லும் ஓர் எண் உண்டு. கண்டுபிடித்தவர் பெயராலேயே ஹவுன்ஸ்ஃபீல்டு எண் என்பார்கள். தண்ணீருக்குச் சுழியம், காற்றுக்கு மைனஸ் 1000. நன்றாக மூச்சிழுத்த ஆரோக்கிய நுரையீரல் மைனஸ் 850-ஐ ஒட்டி இருக்கும். அதாவது நூற்றுக்கு 85 பங்கு காற்று, 15 பங்கு சுவரும் ரத்தமும். ஒரு புள்ளி மைனஸ் 950-க்கும் கீழே போனால், நூற்றுக்கு 95-க்கு மேல் வெறும் காற்று. நுரை அங்கே சிதைந்துவிட்டது. அத்தகைய புள்ளிகளை எண்ணினால் நுரையீரலில் எத்தனை சதவீதம் போய்விட்டது என்று சொல்லிவிடலாம்.

950 என்ற எல்லையை யார் வைத்தது? அங்கேதான் அறிவியலின் பொறுமை தெரிகிறது. நோயின் காரணமாக அறுவை சிகிச்சையில் நுரையீரலின் பகுதியை அகற்ற வேண்டியிருந்தவர்களுக்கு முதலில் ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு, அகற்றிய அதே பகுதியைச் சீவி, துளைகளைக் கண்ணாலும் நுண்ணோக்கியாலும் அளந்தார்கள். ஸ்கேன் சொன்ன எண்ணையும் கையில் இருந்த உறுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 1988-ல் கனடாவின் வான்கூவரில் தொடங்கிய இந்த ஒப்பீடு, 1990-களின் நடுவில் பெல்ஜியத்தில் நடந்த ஆய்வுகளில் மைனஸ் 950-ல் வந்து நின்றது.

இதுவும் மூச்சை இழுத்துப் பிடித்து எடுத்த படம்தான். சிதைந்த நுரையை அது காட்டும். அடைபட்ட நுண்கிளைகள்? சாதாரண சி.டி.யின் பார்வை கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டரோடு மங்கிவிடும். இரண்டு மில்லிமீட்டர் குழலின் சுவர் வீங்கியிருக்கிறதா என்று அதனால் நேரடியாகச் சொல்ல முடியாது.

அப்படியானால் கெட்டுப்போன குழல் நேரில் எப்படி இருக்கும்? வான்கூவரின் ஜேம்ஸ் ஹாக் இந்தக் கேள்வியை அரை நூற்றாண்டு விடாமல் துரத்தினார். 1968-லேயே, இறந்தவர்களின் நுரையீரலில் மெல்லிய குழாய் செலுத்தித் தடையை அளந்து, நோயின் இருப்பிடம் சிறு குழல்கள்தான் என்று தன் சகாக்களோடு எழுதியவர். 2011-ல் அவரது குழு, மாற்று அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட நுரையீரல்களை உறைய வைத்து, அதிலிருந்து துண்டுகள் எடுத்து, மைக்ரோ சி.டி. என்னும் மிக நுண்ணிய ஸ்கேனில் வைத்தது. நோய் மிக முற்றியவர்களிடம், ஒரு வகை எம்பைசீமாவில், கடைசி நுண்கிளைகளில் பத்தில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. நுரை சிதைவதற்கு முன்பே கிளைகள் ஒடுங்கி மறைந்திருந்தன. 2018-ல் வெளியான தொடர் ஆய்வு இன்னும் கலங்க வைத்தது. மூச்சுச் சோதனையில் ‘லேசான நோய்’ என்று வந்தவர்களிடமே கடைசிக் கிளைகளில் சுமார் 40 சதவீதம் காணோம். மலையில் ஓடைகள் வற்றி வெகு காலம் ஆகியிருந்தது.

ஆனால் உயிரோடு நடமாடுபவரின் நுரையீரலை உறைய வைத்துப் பார்க்க முடியாது. அதற்கு வேறு வழி தேவைப்பட்டது. மழை பெய்து ஓய்ந்ததும் விவசாயி வரப்பில் நடந்து வருவார். மண்ணுக்கடியில் எந்த வடிகால் அடைத்திருக்கிறது என்று தோண்டிப் பார்ப்பதில்லை. எந்த வயலில் தண்ணீர் வடியாமல் நிற்கிறதோ அந்த வயலின் வடிகால் அடைப்பு. நுரையீரலிலும் காற்று வடிய வேண்டிய நேரத்தில் எங்கே வடியாமல் நிற்கிறது என்று பார்த்தால் போதும். அதற்கு, மூச்சை விட்டபின் படம் எடுக்க வேண்டும்.

இதைக் ‘காற்றுத் தேக்கம்’ என்று சொல்லலாம். தண்ணீருக்குச் சொல்லும் அதே சொல். மூச்சை முழுக்க விட்டபின் ஆரோக்கிய நுரையீரல் சுருங்கி, அடர்த்தியாகி, படத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். தேக்கம் உள்ள இடங்கள் மட்டும் கறுப்பாகவே நிற்கும். எல்லைக்கோடு மைனஸ் 856. நன்றாக மூச்சிழுத்த நல்ல நுரையீரலின் அடர்த்தி ஏறக்குறைய அதுதான் என்பதை மேலே பார்த்தோம். மூச்சை விட்ட பிறகும் ஓரிடம் அதே எண்ணிலோ அதற்குக் கீழேயோ நின்றால், அந்த இடத்துக்கு மூச்சு விடத் தெரியவில்லை என்று பொருள்.

2012-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கிரெய்க் கல்பான் குழுவினர் ஒரு படி மேலே போனார்கள். இழுத்த படத்தையும் விட்ட படத்தையும் கணினியில் புள்ளிக்குப் புள்ளி பொருத்தினார்கள். சுருங்கிய துணியின் மேல் விரிந்த துணியை இழைக்கு இழை ஒட்டுவதுபோன்ற வேலை. இரண்டு படத்திலும் சரியாக உள்ள இடத்துக்குப் பச்சை. இழுத்தபோது சரியாக இருந்து, விடும்போது தேங்கும் இடத்துக்கு மஞ்சள். இரண்டிலும் வெறும் காற்றாக நிற்கும் இடத்துக்குச் சிவப்பு. சிவப்பு, திரும்ப வராத நுரைச் சிதைவு. மஞ்சள், நுரை இன்னும் இருக்கிறது, குழல்தான் கெட்டிருக்கிறது. ஒரே அளவு மூச்சுத் திறன் உள்ள இரண்டு பேரின் படத்தில் ஒருவருக்குச் சிவப்பும் இன்னொருவருக்கு மஞ்சளும் மிகுந்திருக்கலாம். ஒரே பெயர் சொல்லி மருந்து கொடுத்துவந்த நோய், உள்ளே வேறு வேறாக இருந்திருக்கிறது.

நம் ஊருக்கு இது ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது என்பதற்கு மெக்சிகோவிலிருந்து ஒரு சான்று வருகிறது. அங்கே விறகடுப்புப் புகையால் நோய் வந்த பெண்களையும், சிகரெட்டால் நோய் வந்த பெண்களையும் ஸ்கேனில் ஒப்பிட்டு 2014-ல் வெளியிட்டார்கள். சிகரெட் பிடித்தவர்களிடம் எம்பைசீமா மிகுதி. அடுப்புப் புகைக்காரர்களிடம் காற்றுத் தேக்கம் மிகுதி. மூச்சை இழுத்து மட்டும் எடுத்த படத்தில் இந்தப் பெண்களின் நோய் அவ்வளவாகத் தெரிந்திருக்காது. ஸ்ரீவில்லிபுத்தூரில் விறகடுப்பின் முன் மணிக்கணக்காகப் பால்கோவா கிண்டியவருக்கும், ஓலைக் கூரைச் சமையலறையில் ஈர விறகை ஊதி ஊதிப் பற்ற வைத்தவருக்கும் எந்த மாதிரிப் படம் எடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பு வேண்டுமா?

பஞ்சுத்தூசிக்குச் சீனாவில் நீண்ட ஆய்வு ஒன்று உண்டு. 1981-ல் ஷாங்காயில் பஞ்சாலைத் தொழிலாளர்களையும் பட்டாலைத் தொழிலாளர்களையும் பதிவு செய்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மூச்சை அளந்து வந்தார்கள். பட்டிலும் தூசி உண்டு, ஆனால் பஞ்சில் உள்ள பாக்டீரிய நச்சு இல்லை. அதனால்தான் அந்த ஒப்பீடு. பஞ்சாலையில் இருந்தவர்களின் மூச்சுத் திறன் கூடுதலாகக் குறைந்தது. ஓய்வுபெற்றுத் தூசியை விட்டு விலகியபின் ஓரளவு மீண்டது. பின்னாளில், ஓய்வுபெற்ற அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டவர்களை சி.டி. ஸ்கேனிலும் பார்த்தார்கள். நூற்பாலைகள் சூழ வளர்ந்த நம் தென் மாவட்டத்து ஊர்களிலும் இப்படி ஒரு தலைமுறைத் தொழிலாளர்களைத் தொடர்ந்து பார்க்கும் ஆய்வு நடக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ.யால் முடியாதா என்று கேட்கலாம். அதில் கதிர்வீச்சு கிடையாதே. எம்.ஆர்.ஐ. உடம்பில் உள்ள நீரின் ஹைட்ரஜனைக் கேட்டுப் படம் வரையும் கருவி. நுரையிலோ தண்ணீர் மிகக் குறைவு. கருவிக்கு நுரையீரல் ஓர் இருட்டறை. 1994-ல் ஒரு குழு இதற்கு வேறு வழி கண்டது: திசு பேசவில்லையென்றால் காற்றையே பேச வைப்போம். செனான் என்ற மந்த வாயுவின் அணுக்களை லேசர் ஒளியின் உதவியால் ஒரே திசையில் வரிசைப்படுத்தினால் அவற்றின் குரல் பல்லாயிரம் மடங்கு உயர்கிறது. அதை ஓர் இழுப்பு இழுத்து, பத்துப் பதினைந்து நொடி பிடித்தால் போதும். காற்று போன இடமெல்லாம் ஒளிரும், போகாத இடம் ஓட்டையாக நிற்கும். செனானுக்கு இன்னொரு நல்ல குணம்: அது நுண்ணறைச் சுவரைத் தாண்டி ரத்தத்தில் கரையும், கரைந்த இடத்தைப் பொறுத்து அதன் சுருதி மாறும். காற்றில் ஒரு சுருதி, சுவரில் ஒன்று, சிவப்பணுவில் மற்றொன்று. ஆக்சிஜன் போகும் பாதையை அப்படியே பின்தொடர முடிகிறது. 2022 டிசம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி தந்தது. அபூர்வமான வாயு, தனிக் கருவி, தனிப் பயிற்சி எல்லாம் தேவைப்படுவதால் இன்னும் பெரிய ஆய்வு மருத்துவமனைகளோடு நிற்கிறது.

இவ்வளவு படம் எடுத்து என்ன பயன், நுரையீரல் திரும்பவா வரும் என்ற கேள்வி நியாயமானது. சிதைந்த நுரை திரும்ப வராது. ஆனால் எங்கே சிதைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து சிகிச்சை மாறும். 2003-ல் அமெரிக்காவில் 1,218 பேரிடம் நடந்த சோதனையில், உப்பிய பகுதியை வெட்டி எடுத்து மீதிக்கு இடம் தரும் அறுவை சிகிச்சையைப் பரிசோதித்தார்கள். ஸ்கேனில் மேல்பகுதியில் சிதைவு மிகுந்து, உடலுழைப்புத் திறனும் குறைந்திருந்தவர்கள் அந்த அறுவையால் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். வேறு சிலருக்கு அதே அறுவை ஆபத்தாக முடிந்தது. யார் எந்தப் பக்கம் என்று பிரித்துக் காட்டியதில் படத்துக்குப் பெரும்பங்கு உண்டு. இப்போது கத்தியில்லாமல் குழலுக்குள் சின்ன வால்வு வைக்கும் முறை வந்துவிட்டது. அதற்கும் முதலில் கேட்பது சி.டி. படத்தைத்தான்.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் ஸ்கேன் சென்டருக்கு ஓட வேண்டியதில்லை. நெஞ்சு எக்ஸ்ரேயின் கதிரளவு 0.1 மில்லிசீவர்ட், சாதாரண நெஞ்சு சி.டி.யில் அது ஐம்பது அறுபது மடங்கு. குறைந்த கதிரளவில் எடுக்கும் முறைகள் உண்டு, ஆனாலும் காரணம் வேண்டும். முதல் சோதனை இதையெல்லாம்விட எளிது. ஸ்பைரோமீட்டர், மூச்சளவி. 1846-ல் ஜான் ஹட்சின்சன் செய்த கருவியின் வாரிசு. முழுக்க இழுத்து, வேகமாக, முடியும்வரை ஊத வேண்டும். மொத்தக் காற்றில் முதல் நொடியிலேயே எழுபது சதவீதமாவது வெளியே வந்துவிட வேண்டும். குழல் திறக்கும் மருந்தை இழுத்த பிறகும் அதற்குக் கீழே என்றால் அடைப்பு. இதுவும் மூச்சை விடும் சோதனைதான் என்பதைக் கவனியுங்கள். ஆயுள் முழுக்க அடுப்பை ஊதிய ஒரு பெண்மணியிடம் இந்தக் குழலைக் கொடுத்து “ஊதுங்கம்மா, இன்னும், இன்னும்” என்னும்போது, ஊதி ஊதியும் காற்று நூலாக மட்டும் வருவதைப் பார்ப்பது கஷ்டமான காட்சி.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டு வாசலிலேயே பார்க்கிறது. அந்தப் பையில் ஒரு கையடக்க மூச்சளவியும் சேர வேண்டும். மில்லில் இருந்தவரா, விறகடுப்பா, காசநோய் வந்து குணமானவரா என்ற மூன்று கேள்விகளும் கூடவே வர வேண்டும். அதில் அடைப்பு தெரிந்து, அதற்கு மேலும் விவரம் தேவைப்படுபவருக்குத்தான் ஸ்கேன். அப்போது சீட்டில் ‘சி.டி. நெஞ்சு’ என்று மட்டும் எழுதாமல், ‘மூச்சை விட்டும் எடுக்கவும்’ என்று ஒரு வரி சேர்த்து எழுதும் மருத்துவர் அந்த நோயாளிக்குச் செய்வது பெரிய உதவி.

அந்த ஒரு வரி எழுதப்பட்ட சீட்டோடு மில்காரர் போனால், ஸ்கேன் மேசையில் முதலில் வழக்கமான குரல்தான் கேட்கும்: “மூச்சை நல்லா இழுங்கய்யா… பிடிங்க.” வளையம் சுழன்று நிற்கும். பிறகு, அவர் இதுவரை எந்தப் படக் கருவியிலும் கேட்டிராத இன்னொரு கட்டளை வரும்: “இப்ப முழுசா வெளிய விடுங்க… இன்னும் விடுங்க… அப்படியே பிடிங்க.” விட்ட மூச்சைப் பிடித்துவைப்பது அவருக்கு மலையேறுவதைவிடக் கஷ்டம். ஆனால் ஏழெட்டு நொடிதான். திரையில் சாம்பல் நிறமாகச் சுருங்கியிருக்கும் நுரையீரலுக்கு நடுவே, வெளியேறியிருக்க வேண்டிய காற்று கறுப்புத் திட்டுத் திட்டாக அங்கேயே நின்றுகொண்டிருக்கும்.